நல்ல நேரம் சந்தாதாரர்களுக்கு மட்டும்

என் அம்மா மாடம்மாள் தினமும் காலையில், நான் ஆபீசுக்குப் போகிற கழக்கூட்டம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்துத்தான் போன் செய்வாள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு வத்தலும் புளியும் விற்கிற மொத்தக்கடை. அப்பா போன பிறகு கல்லாவில் உட்காருவது அவள்தான்.

"மக்ளே, இன்னைக்கு நல்ல நேரம் எப்பம்?"

காலண்டர் அவள் தலைக்கு மேலேதான் தொங்கும். ஆனால் அது அரிசிமண்டிக்காரர் சும்மா கொடுத்தது. சும்மா கொடுத்ததில் என்ன நம்பிக்கை என்பது அவள் கட்சி. ஆகவே ஒரு மென்பொருள் எஞ்சினீயர், முன்னால் நிற்பவரின் முழங்கைக்குத் தப்பி, ஒற்றைக் கையால் போனைத் தேய்த்து அவளுக்கு நல்ல நேரம் சொல்ல வேண்டும். இந்தத் தொல்லை தாங்க முடியாமல் நான் எழுதியதுதான் 'வேளை' என்கிற ஆப். பெரிய எழுத்தில் நல்ல நேரம் காட்டும். ராகு காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் மணி அடிக்கும். பிற்பாடு மேடைகளில் இதைச் சமூகக் கனவு, தொழில்நுட்ப அறப்பணி என்றெல்லாம் பேசினார்கள். அப்படி ஒன்றும் கிடையாது.

எழுதியதைப் பூட்டி வைக்காமல் அப்படியே இணையத்தில் போட்டேன். யாரும் படிக்கலாம், எடுக்கலாம், மாற்றலாம். எங்கள் தொழிலில் பாதி உலகம் இப்படி யாரோ சும்மா எழுதிப் போட்டதில்தான் ஓடுகிறது. மீதிப் பாதி அதற்குப் பில் போடுகிறது.

ஆபீசில் என் பக்கத்து நாற்காலி லிபின் முதலில் வந்து சேர்ந்தான். நெடுமங்காட்டுக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவனுக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. நிலா எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடுவதில் மட்டும் ஒரு பைத்தியம். 'வேளை'யில் திதிக் கணக்கு முழுவதும் அவன் எழுதியது. கோட்டையிலும் கரமனையிலும் எத்தனையோ திவசங்கள் ஒரு கிறிஸ்தவப் பையன் குறித்துக் கொடுத்த நாளில் நடந்தன. பித்ருக்கள் யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் சுந்தரராமன் மாமா. கரமனை அக்ரஹாரத்துக்காரர். தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் அடுத்தவன் வேலையில் பிழை கண்டுபிடித்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வார்? எங்கள் பிழைகளைக் கண்டுபிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் நிஜமான பிழைகள். புரோகிதம் செய்கிற வாத்தியார்களையும் ஜோசியர்களையும் அவரே அழைத்து வந்தார். அவர்களில் பழைய வாக்கியப் பஞ்சாங்கத்தை நம்புகிறவர்கள் ஒரு கட்சி, கிரகங்கள் நிஜமாகவே நிற்கிற இடத்தைக் கணக்கெடுக்கும் திருக்கணிதக்காரர்கள் இன்னொரு கட்சி. முகப்பில் எது முதலில் வர வேண்டும் என்று பல மாதம் சண்டை போட்டார்கள். கடைசியில் லிபின், ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி வருகிறாற்போல் எழுதினான். இரண்டு கட்சியும் தாங்கள்தான் வென்றதாக அவனுக்குப் பாயசம் கொடுத்தன.

திருவனந்தபுரத்தில் மூன்று பேர் சேர்ந்து நின்றால் நாலாவதாக ஒரு கமிட்டி வந்துவிடும். எங்களுக்கும் வந்தது. மாமா தலைவர். அதன் முதல் கூட்டத்திலேயே லிபின் ஒரு யோசனை சொன்னான்: நாம் எழுதிய நிரலை எடுத்து மாற்றுகிறவர்கள் மாற்றியதையும் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடலாம். மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

"தானம்னு ஒண்ணைக் குடுத்தாச்சுன்னா திருப்பிக் கேக்கப்படாது, கேட்டேளா. மகாபாவமாக்கும். எடுத்தவன் என்ன வேணும்னாலும் பண்ணிக்கட்டும்."

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். தருமம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பின் விளைவு எதுவும் கண்ணில் படாது.

எடுக்கிறவனும் வந்தான். பெயர் ஸ்ரீஜித். 'சுபயோகா சொல்யூஷன்ஸ்' என்ற கம்பெனியின் முதலாளி. அவன் சட்டையில் 'சமூகமே முதல்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. ஆப் தினமும் கணக்கை வாங்குகிற சர்வரின் செலவை நானும் லிபினும் எங்கள் பையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்றான். கரமனையில் ஒரு விழா எடுத்து, கமிட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்தினான். போர்த்திக்கொண்டு எழுந்தபோது சர்வரும் அதன் முகவரியும் அவன் பெயருக்குப் போயிருந்தன. என்னிடம் மிஞ்சியது ஒரு சாவி. ஆப்பின் புதுப் பதிப்பு எதுவானாலும் அந்தச் சாவியால் முத்திரை வைத்தால்தான் போன்கள் ஏற்கும். அதையும் கேட்டான். தரவில்லை. ஏதோ நல்ல புத்தி.

கொஞ்ச நாளிலேயே அம்மா போன் செய்தாள். "மக்ளே, நல்ல நேரம் இருந்த இடத்துல பூட்டுப் படம் போட்டிருக்கு பாத்துக்க."

திறந்து பார்த்தேன். ராகு காலம் இருந்தது. எமகண்டம் இருந்தது. குளிகையும் இருந்தது. நல்ல நேரத்தின் மேல் மட்டும், அதை அனுப்புகிற சர்வர் அவனுடையதாகிவிட்டதால், தங்க நிறப் பூட்டு. கம்பெனியின் புது ஆப்புக்கு மாறிச் சந்தா கட்டினால் திறக்குமாம். போதாததற்குக் கம்பெனியின் ஆண்டு விழாவை முன்னிட்டு ராகு காலம் மக்கள் அனைவருக்கும் என்றென்றும் இலவசம் என்று பேப்பரில் விளம்பரம் வேறு. கடைத்தேங்காயை எடுத்துப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைத்தான். தேங்காய் எங்களுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவன் ஆபீசுக்குப் போனேன்.

"அஜிதா, கெட்ட நேரம் நம்ம ஃப்ரீயா கொடுக்குதல்லோ," என்றான் ஸ்ரீஜித், மிகப் பொறுமையாக. "அது பப்ளிக் சேஃப்டி. நல்ல நேரம் ஒரு ப்ரீமியம் எக்ஸ்பீரியன்ஸ். ஆளுகளுக்கு இஷ்டமில்லெங்கில் எடுக்கண்டா."

"அந்தக் கணக்கு நாங்க எழுதினது."

"அதே. தானம்னு உங்க பிரசிடெண்ட் தன்னே பறஞ்ஞதல்லே? ஞான் திரும்பக் கொடுத்தா அவருக்கல்லே பாவம்?"

அவனை அடிக்கலாம் போல் இருந்தது. ஆனால் சட்டப்படி அவன் சொன்னது சரி.

கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது. 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்று எழுதலாமா, 'மிக வன்மையாகக் கண்டிக்கிறது' என்று எழுதலாமா என்பதில் கருத்து வேற்றுமை எழுந்து, மிக வன்மைக்காரர்கள் வெளிநடப்பு செய்தார்கள். வெளியே மழை பெய்ததால் திரும்பி வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். அதோடு போராட்டத்தின் முதல் கட்டம் முடிந்தது.

இரண்டாவது கட்டத்தை ஸ்ரீஜித்தே தொடங்கிவைத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வந்தது. வரும் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணியோடு பழைய 'வேளை' நிறுத்தப்படும். அதன் பிறகு அதைத் தொட்டால் சுபயோகாவின் புது ஆப்பில் கொண்டுபோய் விடும்.

லிபின் அன்றைக்கே நண்பர்களிடம் கேட்டு ஒரு சர்வர் ஏற்பாடு செய்தான். "சேச்சி, உங்க கையில சாவி உண்டல்லோ. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி வரை பழைய வழி திறந்திருக்கும். அது வழியா கடைசியா ஒரு அப்டேட் அனுப்பினா போதும். எல்லா போனும் நம்ம சர்வருக்கு வரும். நல்ல நேரம் பழைய மாதிரி ஃப்ரீ."

அதைவிட்டால் வேறு வழி இல்லை. நிரல் எங்களிடம்தான் இருக்கிறது, அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் உபயோகிக்க ஆள் இல்லாத நிரல் பூட்டிக் கிடக்கிற கடை மாதிரி. சாலைக் கடைக்காரர்கள், வாத்தியார்கள், ஆட்டோக்காரர்கள், அத்தனை பேரும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எங்கள் பக்கம் வர வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ரீஜித்தின் ஆட்கள் ஆகிவிடுவார்கள். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் இதற்குக் கொடுத்தது அவனுக்குச் சந்தாதாரர் பிடித்துக் கொடுக்கவா?

அப்டேட் தயாராகிவிட்டது. அப்போதே அனுப்பியிருக்கலாம். ஆனால் யாரையும் கேட்காமல் செய்வது கம்பெனி புத்தி, நாம் சமூகம், கேட்டுத்தான் செய்வோம் என்று நான் வசனம் பேசினேன். கமிட்டியைக் கேட்டேன்.

"நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி," என்றார் மாமா. "புதுசா ஒரு காரியம் தொடங்கற நாளா இது? வெள்ளிக்கிழமை தசமி. காலம்பற ஒம்பதே காலுக்கு மேல பத்தரைக்குள்ள பேஷா இருக்கு. அப்போ வெச்சுப்போம்."

வாக்கியமும் திருக்கணிதமும் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரே நேரத்துக்குத் தலையாட்டின. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"நம்ம ஆப்புல நல்ல நேரம் வராதே மாமா. எப்படிப் பாத்தீங்க?"

மாமா தொண்டையைச் செருமினார். "பேரனுக்குப் பூணூல் வெச்சிருக்கேன் பாரு. அதுக்காகச் சந்தா கட்டினேன். கட்டினது வீணாப்போகப்படாதேன்னு இதையும் அதுலயே பாத்தேன்."

மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. கமிட்டி முழுவதும் சந்தா கட்டியிருந்தது. சுபயோகாவை எதிர்த்துக் கிளம்புவதற்கான நல்ல நேரத்தை சுபயோகாவிடமே வாங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கரமனையில் ஒரு சின்ன ஹால். நிலவிளக்கு, பேனர், ஒலிபெருக்கி. என் மடிக்கணினிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். பொத்தானை அமுக்குவதற்குச் சிறப்பு விருந்தினர் ஒருவர், ஓய்வு பெற்ற சீஃப் எஞ்சினீயர், கழக்கூட்டத்திலிருந்து வர வேண்டும். கழக்கூட்டத்திலிருந்து யார்தான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்? அவர் வந்து விளக்கேற்ற நின்றபோது பத்தேகால் தாண்டிவிட்டது. மின்விசிறிக் காற்றில் திரி அணைந்தது. விசிறியை நிறுத்தினார்கள். இன்னொரு திரியில் எண்ணெய் ஏறவில்லை. பிறகு செயலாளரின் வரவேற்புரை. அவர் 'சுதந்திர மென்பொருள் என்பது வேத காலத்திலேயே' என்று ஆரம்பித்தார்.

நான் மாமாவின் காதில் சொன்னேன். "முதல்ல அமுக்கிரலாம் மாமா, பேச்சு பிறகு பேசலாம்."

"முறைன்னு ஒண்ணு இருக்கோன்னோ. இதோ ஆயிடுத்து."

ஆகவில்லை. ஹாலில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் மணி அடித்தன. ராகு காலம் தொடங்கிவிட்டது. அந்த மணியை எழுதியதே நான்தான். வேத காலம் பாதியில் நின்றது. சிறப்பு விருந்தினர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். மாமா முன்னால் வந்து என் மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

"பன்னெண்டு கழிஞ்சு பாத்துக்கலாம்."

"பன்னெண்டுக்கு அவன் மூடிருவான் மாமா."

"பன்னெண்டு அடிச்ச க்ஷணத்திலே பண்ணிடுவோம். ஒரு நிமிஷத்திலே என்ன ஆயிடப்போறது? அதுக்குள்ள எல்லாரும் டிபன் சாப்பிடலாம்."

அவர்கள் டிபனுக்குப் போனார்கள். நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு லிபினோடு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். ரோஜாப்பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சாவியால் முத்திரை வைத்து அப்டேட்டை அனுப்பினேன். அமுக்குமுன் விரல் கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்வானேன். வத்தல் கடைக்காரி மகள்தானே நானும்.

அப்டேட் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு போனிலும் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்கிறீர்களா?' என்ற கேள்வி வந்து நின்றது. அப்படிக் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது நான் வைத்த விதி. அவர்கள் போன், அவர்கள் இஷ்டம். ஆம் என்றால்தான் உள்ளே போகும்.

யாரும் ஆம் என்று சொல்லவில்லை. டீ ஆறியது. திரையில் ஏற்றுக்கொண்டவர்கள் இரண்டே பேர், நானும் லிபினும். எதிரே ஹால் வாசலில் கமிட்டி உறுப்பினர்கள் இட்டிலியோடு நின்றபடி போனை எடுத்துப் பார்ப்பதும், நெருப்பைத் தொட்டதுபோல் பைக்குள் போடுவதும் தெரிந்தது. திடீரென்று ஒன்று கூடி மூன்று ஆனது. நான் துள்ளிவிட்டேன். லிபின் யாரென்று தேடிப் பார்த்தான்.

"சுபயோகா ஆபீஸ் ஆணு," என்றான். "ஸ்ரீஜித். நம்ம என்ன செய்யுது என்னு பாக்கானாயிருக்கும்."

இந்த ஊரில் ராகு காலத்தில் வேலை செய்யப் பயப்படாத மூன்றாவது ஆள் அவன்தான். பிறகு எப்படி அவன் முதலாளி ஆகாமல் இருப்பான்?

லிபின் குரலைத் தாழ்த்தினான். "சேச்சி, ஒரு வழி உண்டு. கேக்காம போடலாம். ஒரே ஒரு வரி மாத்தி அனுப்பினா போதும். எல்லா போன்லயும் தானே உள்ள கேறும்."

"அது ஸ்ரீஜித் செய்யுற வேலை."

"ஸ்ரீஜித்தல்லே ஜெயிக்கான் போறது?"

ஸ்கூட்டரை எடுத்தேன். லிபினை டீக்கடையிலேயே மடிக்கணினியோடு இருக்கச் சொன்னேன். சாலையில் அம்மாவுக்குத் தெரியாத கடை கிடையாது. அவள் ஒரு சத்தம் கொடுத்தால் தெருவே அமுக்கிவிடும். அந்த நினைப்பிலேயே கிழக்கேகோட்டை சந்திப்பு நெரிசலில் எல்லோரையும் வைதுகொண்டு போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி.

அம்மா கல்லாப்பெட்டி மேல் போனை வைத்து, தப்பித்தவறி யார் கையும் பட்டுவிடாமல் தட்டால் மூடி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வந்துட்டியா மக்ளே? உன்னது வந்திருக்கு பாத்தேன். பன்னெண்டு கழியட்டும்னு காத்திருக்கேன்."

"அம்மா, இப்பமே அமுக்கு. எல்லாரையும் அமுக்கச் சொல்லு."

"இப்பமா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ராகு காலத்துலயா?" அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள். "வேற எவன் காரியமா இருந்தாலும் அமுக்கியிருப்பேன் கேட்டியா. இது உன் காரியம். நீ நல்லா வர வேண்டாமா? நான் இந்தத் தெரு பூராவும் நடந்து சொல்லியாச்சு. ஒருத்தரும் தொடக் கூடாது, பன்னெண்டு அடிச்சதும் ஒண்ணு போல அமுக்கணும்னு. பாத்திரக்கடை ஞானையன் அவசரப்பட்டு அமுக்கப் போனாரு. கையைத் தட்டிவிட்டேன்."

தெருவைப் பார்த்தேன். கடைக்குக் கடை போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பாத்திரக்கடை ஞானையன் அடி வாங்கிய கையைத் தடவியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள்.

என் போன் அடித்தது. லிபின். "சேச்சி, இனியும் சமயம் உண்டு. ஒரு வரி. செய்யட்டே?"

செய் என்று சொல்ல வாய் திறந்தேன். எதிரே அம்மா, தட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிற ஒருத்தியின் போனுக்குள், அவளுக்குத் தெரியாமல், அவள் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு நுழைந்தால், நாளைக்கு நான் எந்த முகத்தோடு ஸ்ரீஜித்தைத் திட்டுவேன்? திட்டாமலும் என்னால் இருக்க முடியாது.

"வேண்டாம் லிபின்."

அவன் "சரி சேச்சி" என்று வைத்துவிட்டான்.

மணி அடித்தது. சாலைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கடை கடையாக நான் எழுதிய மணி அடித்தது. ராகு காலம் முடிந்தது. அம்மா தட்டை எடுத்து, போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்தைப் பார்த்துவிட்டு அமுக்கினாள். தெருவே அமுக்கியது. இவ்வளவு பேர் ஒன்றுபோல ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியா மக்ளே, ஒருத்தர் பாக்கி இல்ல. உனக்கு இனி ஒரு குறையும் வராது," என்று அம்மா போனை என் பக்கம் திருப்பினாள்.

திரையில் சுபயோகா அவளை வரவேற்றது. தங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி சொன்னது. நல்ல நேரம் வேண்டுமா என்று கேட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. புளி மூட்டை மேல் உட்கார்ந்து, கடைத்தெரு என்றும் பாராமல் தேம்பி அழுதேன். அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, எதிர்க்கடை ஞானையனைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கல."